சுண்ணாம்புப் பொட்டு

தடாலென்று சத்தம் கேட்டபோது தொட்டையன் களி உருண்டையில் முதல் விரலை வைத்திருந்தார். சத்தத்துக்குப் பின்னால் பித்தளைச் செம்பு ஒன்று உருண்டது. செம்புக்குப் பின்னால் வீட்டுப் பூனை அவருடைய தட்டைத் தாண்டிப் பாய்ந்து கொல்லைக்கு ஓடியது.

"என்ன அது?" என்று கேட்டார்.

"மாடிப்படிங்க" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி மாதேவியின் குரல் வந்தது. "கொஞ்சம் வந்திருச்சு. மீதி வர்றதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிட்டு வாங்க."

தொட்டையன் எழுந்து ஓடினார். மாடிப்படியின் அடிவயிற்றிலிருந்து முறம் அகலத்துக்கு ஒரு காரைப் பாளம் பெயர்ந்து, ஊறப்போட்ட நெல் தொட்டியில் விழுந்து கிடந்தது. பாளம் போன இடத்தில் செங்கல் பல்லைக் காட்டியது. படியும் சுவரும் சேருகிற ஓரத்தில் கீழிருந்து மேல்வரை ஒரு வெடிப்பு ஓடியது. சில இடங்களில் மயிரிழை, சில இடங்களில் சுண்டுவிரல் நுழையும்.

மேலே, படியின் உச்சியில், தம்பி சித்தையனும் அவன் மனைவி சென்னம்மாவும் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, இறங்கலாமுங்களா?" என்றான் சித்தையன்.

"ஒவ்வொருத்தரா இறங்கு. சுவத்தைத் தொடாதே."

"சுவத்தைத் தொடாம எதைப் புடிச்சிக்கிறது?"

"சாமியைப் புடிச்சிக்கோ."

மைசூரில் தேவராஜா சந்தைக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது அந்த வீடு. சகோதரர்களின் தகப்பனார் கொள்ளேகாலத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சீமை, இந்தப் பக்கம் மகாராஜா சீமை. இந்தப் பக்கத்தில் அவல் நன்றாக விற்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்து, அரண்மனை வண்டிக்காரர் ஒருவரிடம் இந்தப் பழைய வீட்டை வாங்கிப் போட்டார். அவர் காலத்துக்குப் பிறகு கீழ்வீட்டில் அண்ணன் குடும்பம், மாடி அறையில் தம்பி குடும்பம். சமையல் ஒன்று, அவல் தொழில் ஒன்று. சித்தையன் நெல்லை ஊறவைத்து வடித்து, சூடான மணலில் வறுத்துக் கொடுப்பான். ஓரகத்திகள் இருவரும் கொல்லை உரலில் எதிரெதிரே நின்று, ஒரு உலக்கை எழும்போது மறு உலக்கை இறங்கும்படி இடிப்பார்கள். நெல் சூடு ஆறுவதற்குள் தட்டையாகிவிட வேண்டும். ஆறிவிட்டால் அது அவல் ஆகாது, நொய்தான். தொட்டையன் அதைச் சந்தையில் கொண்டுபோய் விற்பார்.

இந்த ஏற்பாடு கௌரி பண்டிகை வரைக்கும் ஒழுங்காக நடந்தது.

சென்னம்மா நஞ்சன்கூட்டுப் பெண். பண்டிகைக்கு அவள் அப்பா ஒரு தார் ரசபாளை வாழைப்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். நஞ்சன்கூட்டு ரசபாளை என்றால் அந்தச் சீமை முழுவதும் பேர். மாதேவி அதைப் பழுக்கட்டும் என்று வைக்கோலுக்குள் வைத்தாள்; வைத்ததை மறந்தாள். ஞாபகம் வந்தபோது பழம் குழைந்துவிட்டது. அதை எடுத்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். கிணற்றடியில் நாலு பேர் நடுவில், "அந்த மாடே மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு" என்றும் சொன்னாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மாதேவி, பல வருஷமாகக் கவிழ்ந்து கிடந்த பழைய கல் உரலை உருட்டிக்கொண்டு வரச்சொல்லி, மாடிப்படிக்கு அடியில், சுவரை ஒட்டிப் பதித்துக்கொண்டாள். "கொல்லை உரலை அவங்களே வெச்சிக்கட்டும். எனக்கு மழை படாத எடம் போதும்" என்று பூனையைப் பார்த்துச் சொன்னாள். பேச வேண்டியதையெல்லாம் அவள் பூனையிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னம்மா பதிலைத் தன் புருஷனிடம் சொல்வாள். ஆனால் சந்துமுனைக்குக் கேட்கிற குரலில்.

தனித்தனியாக இடித்த அவல் சந்தையில் என்ன பாடுபட்டது என்பதைத் தொட்டையன் மட்டுமே அறிவார். "இது அவலா, கோழித்தீனியா?" என்று கேட்டார் ஒரு பழைய வாடிக்கைக்காரர். தசரா சமயம். ஊரே அவலும் பொரியும் கடலையுமாக இருக்க வேண்டிய நாட்களில் அவர் கூடை பாதிதான் காலியானது.

இப்போது மாடிப்படி வேறு.

கெம்பையன் மேஸ்திரியைக் கூட்டிவந்தார்கள். அவரும் கொள்ளேகாலத்துப் பக்கத்து ஆள்தான். நல்ல சேதி சொல்லி யாரும் கேட்டதில்லை. படிக்கு அடியில் குனிந்து பார்த்தார். கரணைப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அஸ்திவாரம் உக்காருதுங்க" என்றார்.

"எங்க உக்காருது?"

"கீழதான். மேலயா உக்காரும்? பழைய வீடு, மழை, கீழ எந்தக் காலத்துச் சாக்கடையோ. இதுக்கெல்லாம் சாத்திரம் உண்டு."

"சாத்திரம் கிடக்கட்டும். படி நிக்குமா, நிக்காதா?"

"அதை நானும் நீங்களும் சொல்ல முடியாது. வெடிப்புத்தான் சொல்லணும்."

அவர் சவுக்குக் கம்பு ஒன்றைப் படிக்கு முட்டுக்கொடுத்தார். பிறகு சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, வெடிப்பின் குறுக்கே, இரண்டு கரையையும் தொடும்படி, கட்டைவிரல் அகலத்துக்குப் பொட்டு வைத்தார். கீழே நாலு பொட்டு, படி முடிகிற மேல்தளத்தில் இரண்டு.

"இந்தப் பொட்டு ஒடஞ்சா வெடிப்பு உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். ஒடையலைன்னா செத்துப்போச்சு. செத்த வெடிப்பு மேல பூசிக்கலாம். உசுரோட இருக்கறது மேல பூசுனா எம் பேரு கெட்டுப்போகும். விஜயதசமி அன்னிக்கு வந்து பாக்கறேன். ஒடஞ்சிருந்தா படியையும் அந்தச் சுவத்தையும் இறக்கிடணும். மேல யாரும் குடியிருக்க முடியாது."

சித்தையன் தலையைச் சொறிந்தான். "எங்க மாமனாரு, கோயில் பக்கமா ஒரு எடம் இருக்குது, அங்கயே வந்து அவல் கடை போடுங்கன்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டு இருக்காருங்க. படி போச்சுன்னா நாங்க நஞ்சன்கூட்டுக்கே போயிடறமுங்க, அண்ணா."

தொட்டையன் முட்டுக்கம்பை அசைத்துப் பார்த்தார். மாதேவிதான் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"போறவங்க போகட்டும், இல்லடா? ரயில் தெனமும் ஓடுது. நாம ஏன் குறுக்க விழுகோணும்."

"ஹௌது, ஹௌது" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. ஆமாம் என்பதைச் சென்னம்மா எப்போதும் கன்னடத்தில்தான் சொல்லுவாள். கோபத்தில் இரண்டு முறை. "ஏனுங்க, மூட்டை கட்டக் கயிறு வாங்கிட்டு வந்து வெச்சிருங்க. எங்க ஊர்ல மாடுகூட மரியாதை தெரிஞ்ச மாடு."

மறுநாள் விடியற்காலையில் வாசல் தெளிக்க எழுந்த மாதேவி கைவிளக்கோடு படிப்பக்கம் போனாள். கீழ்ப்பொட்டுகளில் முதலாவது இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவு மெல்லியதுதான். ஆனாலும் பிளவு பிளவுதான்.

அவள் அங்கேயே நின்றாள். மேலே சென்னம்மா புரண்டு படுக்கிற சத்தமும், அவள் மெட்டி பலகையில் உரசுகிற சத்தமும் கேட்டன. இனி அந்தச் சத்தம் இருக்காது. காலையில் யார் முதலில் கிணற்றுக்குப் போவது என்ற போட்டி இருக்காது. தன் மகளைக் கட்டிக்கொடுத்து ஹனூருக்கு அனுப்பிய பிறகு இந்த வீட்டில் வாயாடுவதற்குத் தகுந்த ஆள் ஒருத்திதான் இருந்தாள். பூனையிடம் எத்தனை நாளைக்குப் பேசுவது? அது ஒரு நாளும் எதிர்த்துப் பேசாது.

மாதேவி இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்தாள். சுண்ணாம்பு டப்பியைத் திறந்து, விரலில் தொட்டு, பிளவின் மேல் இழுத்துப் பூசினாள். மற்ற மூன்றையும் பார்த்தாள். ஒன்று உடைந்திருந்தது. அதற்கும் பூசினாள். மேல்தளத்துப் பொட்டுகளை அவள் பார்க்கவில்லை. நாலு படி ஏறினால் அவளுக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். மாடி ஏறி வருஷக்கணக்காகிறது.

காலையில் சகோதரர்கள் வந்து பார்த்தார்கள்.

"கீழ நாலும் முழுசா இருக்குது" என்றார் தொட்டையன்.

"மேல ரெண்டும் முழுசுங்க" என்றான் சித்தையன்.

அன்றிலிருந்து அது தினசரி வேலையாயிற்று. விடியலில் பொட்டு உடைந்திருக்கும், மாதேவி பூசுவாள், காலையில் எல்லோரும் வந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். கிணற்றடி பசம்மா வந்தவள், வரிசையாக வைத்த பொட்டுகளைப் பார்த்து, படிக்கு ஏதோ நவராத்திரிப் பூஜை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் குங்குமமும் இரண்டு செவ்வந்திப் பூவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"இதென்ன, சுண்ணாம்பு டப்பி இப்படிக் காலியாகுது?" என்று கேட்டார் தொட்டையன். "வெத்தலை போடறயா, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறயா?"

"பண்டிகை சமயம் ரெண்டு தரம் கூடத்தான் போடறேன். அதுக்கும் கணக்குங்களா?" என்றாள் மாதேவி. சொல்லிவிட்டு, சுண்ணாம்பு பட்டுப் பட்டு வெந்துபோன ஆள்காட்டி விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் மேலேயும் ஒரு கைக்காயம் நடந்தது. சென்னம்மா விரலில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். வறுக்கும்போது மணல் பட்டுவிட்டது என்று சித்தையன் சொன்னான். மாதேவி ஒரு கரண்டி வெண்ணெயை வாழையிலைத் துண்டில் வைத்து அவனிடம் நீட்டினாள்.

"வறுக்கத் தெரியாதவங்க வறுத்தா கையைத்தான் சுட்டுக்குவாங்க. தடவச் சொல்லுங்க, தம்பி."

வெண்ணெய் மேலே போயிற்று. வெறும் இலை கீழே வந்தது. "வெண்ணெய் கொஞ்சம் காறிப்போச்சாம். இருந்தாலும் தடவிக்கிட்டாளுங்க" என்றான் சித்தையன். மாதேவிக்கு அன்று முழுவதும் மனசு நிறைவாக இருந்தது.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. கொல்லை உரலில் ஓலைக்குக் கீழே சென்னம்மாவின் உலக்கையும், படிக்கு அடியில் மாதேவியின் உலக்கையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இடித்துக்கொண்டிருந்தன. இங்கே ஒரு இடி, அங்கே ஒரு இடி. வாசலில் உட்கார்ந்து கேட்டால் இரண்டு பேர் சண்டை போடுவதுபோலவே இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. அன்று தொழில் செய்கிற பொருள் எதையும் தொடக் கூடாது. உரல்களைக் கழுவி, உலக்கைகளைச் சுவரில் சாத்தி, முறத்துக்கும் சல்லடைக்கும் வாணலிக்கும் விபூதி பூசிக் குங்குமம் வைத்தார்கள். தொட்டையன் தராசுக்குப் பூசணிக்காய் உடைத்தார். மாதேவி தன் உரலுக்குத் தனியாகச் சூடம் காட்டினாள். சென்னம்மா கொல்லை உரலுக்குத் தனியாகக் காட்டினாள். வீடு அன்று அமைதியாக இருந்தது. தூரத்தில் அரண்மனைப் பக்கமிருந்து வாத்தியச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

விஜயதசமி விடிந்தது. மாதேவி விரலில் சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டு வந்தாள். விளக்கைப் பொட்டருகே பிடித்தாள்.

பொட்டு உடையவில்லை.

இரண்டாவதைப் பார்த்தாள். உடையவில்லை. நாலும் அவள் முந்தின நாள் பூசியபடியே, அவள் விரல்ரேகையோடு இருந்தன. நேற்றும் மழைதான் பெய்தது. அஸ்திவாரத்துக்கு யார் லீவு கொடுத்தார்கள்?

அவள் பார்வை குங்குமப் பொட்டோடு சுவரில் சாய்ந்திருந்த உலக்கைமேல் போயிற்று. உலக்கையிலிருந்து உரலுக்கு வந்தது. உரலிலிருந்து, அது ஒட்டிக்கொண்டிருந்த சுவருக்கு.

"அடி ஆத்தா" என்றாள் மெதுவாக.

அவள் உலக்கையை எடுத்தாள். வெறும் உரலை இடிப்பது வீட்டுக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு பிடி அரிசியைப் போட்டுவிட்டு, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வழக்கம்போல் ஓங்கி இடித்தாள். பத்திருபது இடிக்குப் பிறகு நிறுத்திவிட்டு விளக்கைக் காட்டினாள். முதல் பொட்டின் நடுவில் மயிர்போல ஒரு கோடு. இன்னும் இடித்தாள். அவள் கண்ணெதிரிலேயே பொட்டு இரண்டாகப் பிரிந்தது.

அதற்குள் வீடு விழித்துக்கொண்டது. தொட்டையன் வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்தார். சித்தையன் படியில் பாதிவரை இறங்கி நின்றான். "ஏன் அண்ணி, நல்ல நாளும் அதுவுமா இந்த நேரத்துல?" என்றான்.

மாதேவி பதில் சொல்வதற்குள் வாசலில் கெம்பையன் மேஸ்திரியின் இருமல் கேட்டது. புதுத் தலைப்பாகை கட்டியிருந்தார். மகாராஜாவின் தசரா யானை ஊர்வலம் பார்க்க நல்ல இடம் பிடிப்பதற்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிட வந்தவர். நேராகப் படிக்கு அடியில் போய்க் குனிந்தார்.

"ஒடஞ்சிருச்சுங்க" என்றார், கொஞ்சம் திருப்தியோடு. "நான் அன்னிக்கே சொன்னனில்லீங்களா? வெடிப்பு உசுரோட இருக்குது. படியை இறக்கிட வேண்டியதுதான்."

சென்னம்மா மேல்தளத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தையன் அண்ணனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"சரிங்க, அண்ணா. ஊர்வலம் முடிஞ்சதும் வண்டி பேசிடறேன்."

"இருங்க, தம்பி" என்றாள் மாதேவி. இந்த முறை அவள் பூனையைத் தேடவில்லை. "இன்னிக்கு ஒடஞ்சது கணக்கில்லை. இது நானா இடிச்சு ஒடைச்சது."

"எப்ப ஒடஞ்சாலும் ஒடஞ்சதுதான், அம்மிணி" என்றார் மேஸ்திரி. "இத்தனை நாள் ஒடையாம இருந்து, கடைசி நாள்ல..."

"இத்தனை நாளும் ஒடஞ்சுதுங்க. தெனமும் ஒடஞ்சுது. நேத்து ஒரு நாள்தான் ஒடையலை."

"நாந்தான் தெனமும் பாத்தேனே. முழுசா இருந்துச்சே" என்றார் தொட்டையன்.

மாதேவி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள். ஆள்காட்டி விரல் நுனி தோலுரிந்து சிவந்திருந்தது. நகக்கண்ணில் சுண்ணாம்பு.

"நாந்தான் பூசுனேன். விடியக்காலையில வந்து பூசிட்டுப் போயிடுவேன்."

தொட்டையன் அந்த விரலையே பார்த்தார். "போறவங்க போகட்டும்னு சொன்னவ நீதானே?"

"வாய் சொல்லுச்சு. விரலு கேக்கலை. இப்ப அதுங்களா முக்கியம்? நேத்து ஏன் ஒடையலைன்னு கேளுங்க. நேத்து நான் இடிக்கலை. உரலைச் சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கிட்டு இத்தனை நாளா அவலா இடிச்சேன்? வீட்டை இடிச்சிருக்கேன்."

மேஸ்திரி சந்தேகத்தோடு மறுபடியும் குனிந்தார். உலக்கையை வாங்கித் தானே நாலு இடி இடித்தார். இரண்டாவது பொட்டு விரிந்தது. படியின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை காரை அவருடைய புதுத் தலைப்பாகையில் உதிர்ந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே நிமிர்ந்தார்.

"அஸ்திவாரமும் கொஞ்சம் உக்காந்துதான் இருக்கும்" என்றார், விட்டுக்கொடுக்காமல். "இருந்தாலும் உரலை எடுத்துட்டு, ஒரு வாரம் பொட்டு வெச்சுப் பாக்கலாமுங்க. யாரும் பூசக் கூடாது. நின்னுதுன்னா உள்ள செங்கல் ஆப்பு அடிச்சு, கடுக்காத் தண்ணி விட்டு அரைச்ச சுண்ணாம்புல பூசிடலாம். படியை இறக்க வேண்டியதில்லை." மேல் பொட்டுகள் ஒரு நாளும் உடையவில்லை என்று சித்தையன் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணுதான் வெளங்கலை. மேலேயும் கீழேயும் ஒரே வெடிப்பு. கீழ் பொட்டு தெனம் ஒடஞ்சா மேல் பொட்டும் ஒடஞ்சிருக்கணுமே." ஆனால் ஊர்வலத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்னொரு கம்பை முட்டுக்கொடுத்துவிட்டு, ஏறுவதானால் ஒவ்வொருவராக ஏறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உரலைச் சகோதரர்கள் இருவரும் பெயர்த்து உருட்டிக்கொண்டு போனார்கள். "எங்கடா போடறது?" என்று தொட்டையன் கேட்க, சித்தையன் மாடியைப் பார்த்தான். "பழைய எடத்துல ஒரு உரல்தானே இருந்துச்சு. ரெண்டு உலக்கைக்கு அது பத்தாதா?" என்று மேலிருந்து பதில் வந்தது. உரல் பழையபடி கவிழ்ந்து படுத்தது. பூனை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மத்தியானத்துக்குமேல் மழை விட்டு வெயில் அடித்தது. அந்த வீட்டு மாடி ஜன்னலிலிருந்து சந்தைக் கூரைகளுக்கு நடுவே பெரிய வீதி ஒரு கீற்றாகத் தெரியும். யானை முழுசாகத் தெரியாது. தலையும் தங்க அம்பாரியும் மட்டும், கூரைகளுக்கு மேல் ஒரு கோபுரம் நடந்து போவதுபோல் போகும். ஆண்கள் வீதிக்குப் போய்விட்டார்கள். மாதேவி கீழேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள்.

"அக்கா" என்று மேலிருந்து கூப்பிட்டாள் சென்னம்மா. கௌரி பண்டிகைக்குப் பிறகு அந்த வார்த்தை அந்த வீட்டில் கேட்பது அதுதான் முதல் தடவை. "நாலு படி நீங்க ஏறுங்க. மீதிக்கு நான் கை குடுக்கறேன்."

முட்டியைப் பிடித்துக்கொண்டும், முனகிக்கொண்டும், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தும் மாதேவி மாடி வந்து சேர்ந்தாள். ஜன்னலோரம் பாய் விரித்திருந்தது. தட்டில் ரசபாளைப் பழங்கள் இருந்தன. நேற்றைய ரயிலில் வந்தவை. சென்னம்மா ஒன்றை உரித்து நீட்டினாள்.

"பக்கத்து வீட்டு மாடு பாக்கலை. தின்னுங்க."

மாதேவி தின்றாள். இன்னொன்றும் தின்றாள். தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. கூரைகளுக்கு மேல் அம்பாரி மின்னிக்கொண்டு வந்தது. இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்பாரி கீற்றைத் தாண்டி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போதுதான் மாதேவியின் கண்ணில் மேல்தளத்துப் பொட்டுகள் இரண்டும் பட்டன. உடையாமல், வெள்ளை வெளேரென்று, மேஸ்திரி வைத்ததைவிடப் பருமனாக இருந்தன.

"இது என்ன அதிசயம், சென்னி? கீழ அத்தனையும் தெனமும் ஒடஞ்சுது. மேல இருக்கற ரெண்டும் ஒரு நாள்கூட ஒடையலையே?"

சென்னம்மா விரலில் சுற்றியிருந்த மஞ்சள் துணியை மெதுவாக அவிழ்த்தாள்.

"தானா ஒடையாம இருந்துச்சுன்னா நெனச்சீங்க, அக்கா?"